நான் சொல்லாமல் விட்ட 13 நிமிடம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். தங்கச்சி மகள் கமோகி ஆடக் கிளம்பிவிட்டாள், நம் அயர்லாந்து மட்டைப்பந்தாட்டமான ஹர்லிங்கைப் பெண்கள் ஆடுவதுதான் அது. உன் பழைய ஹர்லி மட்டையைக் கைப்பிடிப் பக்கம் அறுத்துச் சின்னதாக்கிக் கொடுத்தேன். அவள் அதைப் பிடிக்கிற விதம் அப்படியே உன்னுடையது.

சிட்னியில் எடுத்த போட்டோ ஒன்றைத் தங்கச்சி காட்டினாள். ஏதோ படிக்கட்டு. மற்றவர்கள் எல்லாம் கையை வீசிக்கொண்டு நிற்கிறார்கள், நீ மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலிலேயே நிற்கிறாய். சரி, போட்டோதானே. மூன்று ஞாயிறாகப் போனும் இல்லை. வேலை இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் நம் ஹர்லிங் வீரன் ஹென்றி ஷெஃப்ளினின் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1999-இல் நம் கில்கென்னி மாவட்டத்தின் சீனியர் அணிக்கு வந்தபோது அவன் இவ்வளவு தூரம் போவான் என்று யார் நினைத்தார்கள்! 10 அகில அயர்லாந்துப் பதக்கம், 11 ஆல் ஸ்டார் விருது, மூன்று முறை ஆண்டின் சிறந்த வீரன். இத்தனைக்கும் ஒரு யூரோ சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடிவிட்டு, அப்புறம் எல்லோரையும் போல வேலைக்குப் போக வேண்டியதுதான். நம் பாலிஹேல் ஊர்ப் பையன் என்று நாம் பெருமைப்பட்டதில் தப்பே இல்லை. நீயும் அவனைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். நான் அப்படித்தான் வளர்த்தேன்.

2012 ஃபைனலில் கால்வேக்கு எதிராக அந்தப் பெனால்ட்டி ஞாபகம் இருக்கிறதா? ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் சமம். கோல் என்றால் மூன்று புள்ளி ஆயிற்றே, கோலுக்கு அடி என்று நான் வீட்டுக்குள் கத்தினேன். ஹென்றி குறுக்குக் கம்பத்துக்கு மேலே தட்டி ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டான். கால்வேயின் ஜோ கேனிங் கடைசியில் சமன் செய்தபோது ஹென்றியைத் திட்டினேன். மறுபடி நடந்த ஃபைனலைக் கில்கென்னிதான் ஜெயித்தது. நேற்று பார்த்தபோது, அவன் செய்தது சரி என்று பட்டது. கிடைக்கிறதைப் பத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

2010 ஃபைனலைத்தான் என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. அதற்கு முன் ஹென்றியின் பயிற்சியைப் பார்க்க, கில்கென்னி நோலன் பார்க் மைதானத்துக்கு உன்னைக் கூட்டிப்போனேனே. கார்க்குக்கு எதிரான அரையிறுதியில் அவன் முழங்கால் தசைநார் அறுந்து நாலு வாரம்கூட ஆகவில்லை. அவன் ஓடுகிறானா என்று பார்க்கவே ஆயிரக்கணக்கில் கூட்டம். அவன் ஓடித் திரும்பும்போதெல்லாம் எல்லோரும் கைதட்டினார்கள். நீ தட்டவில்லை. "அப்பா, அந்தக் கால்..." என்று ஆரம்பித்தாய். நான் பேசவிடவில்லை.

அடுத்த வருஷம் அக்டோபரில், உன் அரையிறுதிக்கு முந்தின நாள், உன் இடது முழங்கால் பன் ரொட்டி போல வீங்கியிருந்தது. ஆறு வாரம் ஆடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஹென்றி அறுந்த தசைநாரோடு 2010 ஃபைனலில் இறங்கினான், உனக்கு வெறும் வீக்கம்தானே என்றேன். காரில் உட்காரவைத்து நானே கட்டுப் போட்டேன். இறுக்கிக் கட்டினேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாய்.

அந்த ஃபைனலில் ஹென்றி 13 நிமிடத்தில் வெளியேறினான் என்று நான் உனக்கு நினைவுபடுத்தவில்லை. எதிரணி லார் கார்பெட் மூன்று கோல் அடித்து, கில்கென்னியின் ஐந்தாவது தொடர் பட்டம் டிப்பரரியிடம் பறிபோனதை அவன் வெளியே இருந்து பார்த்தான். அதற்கப்புறம் ஆபரேஷன், மாதக்கணக்கில் பயிற்சி, அதன் பிறகுதான் 2011 பட்டம். கதையில் எனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். நீயும் அந்த ஆட்டத்தைப் பார்த்தவன்தான். ஆனாலும் அப்பா சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டாய்.

முழு 60 நிமிடமும் ஆடினாய். இரண்டு கோல். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை இன்றும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று முதல் நீ வலியை என்னிடம் சொன்னதே இல்லை. ஹென்றி 2015-இல் ஓய்வு பெற்றபோது அவனுக்கு 36 வயது. நீ 21 வயதிலேயே மட்டையை மாட்டிவிட்டாய். வேலை என்றாய். நானும் நம்புகிற மாதிரி இருந்துவிட்டேன்.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன் அவளிடம் காட்டிவிடுகிறேன்.

ஸ்கேன் எடுத்தாயா? என்ன சொன்னார்கள்? ஆபரேஷன் என்றால் தேதியைச் சொல், நான் வருகிறேன். மாடுகளைச் சித்தப்பா பார்த்துக்கொள்வார், கேட்டுவிட்டேன். போனில் எனக்கு இதெல்லாம் பேச வராது, அதனால்தான் எழுதினேன்.

அப்பா