லாரிப்பட்டறை அக்காவுக்கு நன்றிங்க

பேரு போட வேண்டாம்னு சொல்லிட்டீங்க, போடலீங்க அக்கா. ஆனா நாமக்கல் டிரைவருங்களுக்கு நீங்க சொல்லிக் குடுத்தது நாலு பேருக்குத் தெரியணும்.

எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமப் போட்டும் வைரல் லோடு (ரத்தத்துல இருக்கிற வைரஸ் அளவு) இறங்காதவருகிட்ட, "சத்து மாத்திரையும் சேர்த்துப் போடறீங்களா தம்பி?"ன்னு கேட்டது நீங்கதான். டோலுடெக்ராவிர்ங்கிற எச்.ஐ.வி. மருந்து இருக்கிற மாத்திரையை வெறும் வயித்துல கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோட போட்டா உடம்புல சரியாச் சேராது. அதுகளுக்கு 2 மணி நேரம் முன்னாடியோ 6 மணி நேரம் கழிச்சோ போடணும். சாப்பாட்டோடன்னா ரெண்டையும் ஒண்ணாவே போடலாம். அலுமினியம், மெக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. இடைவெளி விட்டே ஆகணும்.

வேலைக்குச் சேரும்போது எச்.ஐ.வி. ரிப்போர்ட் கேட்ட ஓனருகிட்ட, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்புல இருக்கிற எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தைக் காட்டுனீங்க. அந்த டெஸ்ட்டை வேலைக்கு நிபந்தனையா வைக்கக் கூடாது. 100 பேரும் அதுக்கு மேலயும் இருக்கிற நிறுவனத்துல புகார் அதிகாரி இருக்கணும். மாநிலக் குறைதீர்ப்பாளருகிட்டயும் போகலாம். கோர்ட்டுல புனைபெயர்லயே வழக்கு நடத்தக் கேட்கலாம்; இதைச் சொன்னா இன்னமும் பலர் நம்பறதில்லீங்க. புகாரைத் தேதி போட்டு எழுதிக் குடுத்து, நகல்ல கையெழுத்து வாங்கச் சொன்னீங்க பாருங்க, அதுதாங்க பெரிய உதவி.