நியோபியும் சாப்பிட்டாளாம்

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ரெக்கார்டிங் வந்தது. கூடவே 'நியோபி' என்று ஒரே ஒரு வார்த்தை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தீபாவளிக்கு வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

ஐந்து தடவை கேட்டேன். உன் ஓபோக் குழல் மட்டும், பக்கவாத்தியம் கிடையாது. தாத்தா இருந்திருந்தால் "சீவாளி பதமா இருக்கு" என்றிருப்பார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது. மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறாய். கடைசியில் ஒரே ஸ்வரம் அசையாமல் நிற்கிறதே, அங்கேதான் நியோபி கல்லாகிறாளா? முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், கை நின்றுவிட்டது. எனக்கு முகாரி மாதிரி இருந்தது. சொன்னால் கோபித்துக்கொள்வாய்.

நீ எப்போதோ சொன்ன இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனையும் தேடிக் கேட்டேன். 1951இல் ஓபோவுக்கு மட்டும் அவர் எழுதியதில் ஆறு பகுதிகள், மூன்றாவது நியோபி. அம்மா சொல்லக்கூடாதுதான், எனக்கு உன்னுடையதுதான் பிடித்தது.

அப்புறம் நியோபியின் கிரேக்கக் கதையையும் படித்தேன். தீப்ஸ் நகரத்து ராணி. லீட்டோ தெய்வத்துக்கு இரண்டே பிள்ளைகள், எனக்கு 14 என்று ஊர் கேட்கப் பீற்றிக்கொண்டாள். அந்த இரண்டு பிள்ளைகள், அப்பல்லோவும் ஆர்ட்டெமிஸும், அத்தனை பேரையும் அம்பெய்து கொன்றுவிட்டார்கள். ஹோமர் கணக்கில் 12 பேர். எத்தனையாக இருந்தால் என்ன.

ஏன் இந்தக் கதையை எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. லண்டனில் குளிராமே, மஃப்ளர் கட்டாமல் வெளியே போகாதே. வேளைக்குச் சாப்பிடு.

சித்தி வீட்டு வளைகாப்பில் நான் பேசியது உன் காதுக்கு வந்திருக்கும். படிப்பை விட்டுவிட்டேன் என்று நீ சொல்லி அப்போது இரண்டு மாதம். தெரிந்துகொண்டேதான் "எம் பொண்ணு பட்டம் வாங்கப்போறா" என்றேன். அதுவும் பெரிய அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று. அத்தை தலை நிமிராமல் தட்டில் இருந்த வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தார். பெருமையில் பேசினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை பாப்பா, வெட்கம். அத்தையிடம் இன்னும் போய்ப் பேசவில்லை.

இன்னொன்று. ஹோமரின் இலியட் காவியத்தில் அகிலிஸ் என்ற வீரன், மகனைப் பறிகொடுத்த கிழவர் பிரியாமிடம் இவள் கதையைத்தான் சொல்கிறான். ஒன்பது நாள் பிள்ளைகளைப் புதைக்க ஆளில்லை. பத்தாம் நாள், அழுது ஓய்ந்தபிறகு நியோபிக்கும் சாப்பாட்டு நினைப்பு வந்ததாம். உன் இசையில் அந்த இடம் இல்லை.

பருப்புப்பொடி பார்சல் அனுப்பியிருக்கிறேன். சூடான சோற்றில் நெய் விட்டுப் பிசைந்துகொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. பண்ணாவிட்டாலும் சரி, சாப்பிடு.

அம்மா