சுமேர் காட்சியறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நமது படிப்பகத்தின் மேற்கு அறையில், பண்டைய தெற்கு ஈராக்கில் சுமேரிய நகர அரசுகள் தோன்றிய வரலாற்றைக் காட்டும் காட்சியறைப் பணி இனிதே நிறைவுற்றது என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியே இணைக்கப்பட்டுள்ளது. எதை, ஏன் இவ்வாறு அமைத்தோம் என்பதை மட்டும் இங்கு விளக்குகிறோம்.

மன்னர்களிடமிருந்து தொடங்குவதா, மண்ணிலிருந்து தொடங்குவதா என்று குழுவில் நெடுநேரம் பேசி, மண்ணிலிருந்தே தொடங்கினோம். தெற்கு ஈராக்கின் எரிது நகரில் 1946 முதல் 1949 வரை நடந்த அகழாய்வில், ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்த 18 கட்டட அடுக்குகள் வெளிப்பட்டன. அடியில் கிடைத்த தொடக்ககாலக் கோயில் ஏறத்தாழ 3 மீட்டர் அளவே ஆன ஒற்றை அறை. பழுதான கோயிலின் சுவர்களுக்குள் மண்ணை நிரப்பி, அதையே மேடையாக்கி, பின்வந்தவர்கள் முன்னதிலும் பெரிய கோயிலை எழுப்பினார்கள். மேல் அடுக்கொன்றில், படையலாக வைத்த மீன்களின் முட்கள்கூடக் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தத் திருப்பணியைச் சுற்றித்தான் ஊர் திரண்டு நகரமாயிற்று என்று குழு உறுதியாகக் கருதுவதால், அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக் காட்டும் மாதிரியை அறையின் நடுவில் வைத்துள்ளோம்.

மாதிரிக்காக முதலில் அறுத்த பச்சைச் செங்கற்கள் நிழலில் உலர்த்தியும் வெடித்துவிட்டன. சுமேரியர் செய்தது போலவே நறுக்கிய வைக்கோலைச் சேற்றில் போட்டு மிதித்த பிறகே கற்கள் நின்றன. கல்லும் நல்ல மரமும் உலோகமும் இல்லாத வண்டல் நிலத்தில், களிமண்ணையும் நாணலையும் கொண்டே அம்மக்கள் நகரம் எழுப்பினார்கள் என்பது எங்கள் கைக்கே அப்போதுதான் புரிந்தது.

வடசுவரின் வரைபடம் கால்வாய்களைக் காட்டுகிறது. யூப்ரடீஸ் ஆற்றில் விதைப்பு நாளில் நீர் குறைந்திருக்கும். கதிர் முற்றும் வசந்தத்திலோ வெள்ளம் வரும். கால்வாய் வெட்டவும் கரை கட்டவும் பல ஊர்களின் ஆள்பலம் ஒன்றுசேர வேண்டியிருந்தது. உழைத்தவர்களுக்குப் படியளக்கப் பண்டகசாலையும் அதைக் காக்கும் கணக்கும் வேண்டியிருந்தன.

கி.மு. 3200 அளவில் ஏறத்தாழ 250 ஹெக்டேர் பரவியிருந்த உருக் நகரத்துக்கான காட்சிப் பகுதியில், அதனால்தான் ஒரு சாதாரணக் கிண்ணத்துக்கு முதலிடம் தந்தோம். அச்சில் அழுத்தி, விளிம்பைச் சாய்வாக வழித்துச் செய்த இந்த முரட்டுக் கிண்ணங்கள் உருக்கில் ஏராளமாகக் கிடைக்கின்றன. இவை பணியாளருக்குத் தானியம் அளந்தவை என்று பல ஆய்வாளர் கருதுகிறார்கள். ரொட்டி சுடும் அச்சு என்போரும் உண்டு. தொடக்க எழுத்தில் தலையையும் கிண்ணத்தையும் சேர்த்து வரைந்தால் ‘உண்’ என்று பொருள். உருக்கின் பழைய களிமண் ஏடுகளில் பெரும்பாலானவை கணக்குகளே.

போர்களுக்கு ஒரே பலகைதான் ஒதுக்கினோம். லகாஷ், உம்மா என்னும் அண்டை நகர அரசுகள் எல்லை வயல்களுக்காகத் தலைமுறைகளாகப் போரிட்டன, கி.மு. 2450 அளவில் லகாஷின் மன்னர் இயன்னாதும் நாட்டிய வெற்றித்தூணின் துண்டுகள் இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. கி.மு. 24ஆம் நூற்றாண்டில் வடக்கே இருந்த அக்காத்தின் மன்னர் சார்கோன் சுமேரிய நகரங்களை ஒரே ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்ததுடன் பலகை முடிகிறது.

பச்சைச் செங்கல் ஈரம் தாங்காது என்பதால், மாதிரியைச் சுற்றி நீர் தெளிக்க வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அறையின் சாவி நூலகரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

இவண்,
திருப்பணிக் குழுவினர்