பீரோவில் பூட்டிய நாவல்: எங்கள் வாசகசாலை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதிய நூல்கள் வைக்கும் அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்து அலுவலக பீரோவில் பூட்டிவிட்டீர்கள். அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் முதல் நாவலான 'லெஸ் தேன் ஜீரோ' அது. பெற்றோர் ஒருவர் புகார் கொடுத்தார், சில பக்கங்களை நகலெடுத்து வந்து காட்டினார், அவற்றைப் பார்த்தே முடிவெடுத்தீர்கள் என்று அறிந்தேன். காரணமாக இரண்டு சொல்லியிருக்கிறீர்கள். புத்தகம் முழுக்கப் போதைப்பொருளும் ஆபாசமும் என்பது ஒன்று. கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைகள் கெட்டுப்போன கதை, தென்னையும் நிலக்கடலையும் நம்பிப் பிழைக்கிற நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவுக்கு எதற்கு என்பது இன்னொன்று.

நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். நம் வாசகர் வட்டத்தில் இந்த நாவலைப் பகுதி பகுதியாகத் தமிழில் சொல்லி வந்தவளும் நானே. கதை பாதியில் நிற்கும்போது புத்தகத்தை எடுத்துவிட்டீர்கள். குழுவுக்குத் தனியாக ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்க முடியும். ஆனால் எடுக்கப்பட்டது ஊரின் புத்தகம். ஆகவே ஊர் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

நாவல் 1985இல் வெளிவந்தது. எல்லிஸுக்கு அப்போது 21 வயது, வெர்மாண்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரியில் மாணவர். கதை சொல்பவன் க்ளே, 18 வயதுப் பையன். கிழக்கே ஒரு கல்லூரியில் படிப்பவன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுக்கு வருகிறான். அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழ்கிறார்கள். நண்பர்கள் பலரும் சினிமா உலகப் பணத்தில் வளர்ந்தவர்கள். ஆளுக்கொரு கார், வீட்டுக்கொரு நீச்சல்குளம், இரவுக்கு இரண்டு விருந்து, எங்கே போனாலும் கொக்கெய்ன். க்ளேயும் அதை உறிஞ்சுகிறான். சிறுவயதுத் தோழன் ஜூலியன் போதைக் கடனில் மூழ்கி, கடன் கொடுத்தவனுக்காக உடலை விற்கும் நிலைக்கு வந்திருக்கிறான். விடுமுறை முடிகிறது, க்ளே ஊரைவிட்டுப் போகிறான். கதை இவ்வளவுதான்.

உங்களிடம் காட்டப்பட்ட நகல் பக்கங்களில் இல்லாத ஓர் இடத்தைச் சொல்கிறேன். ஒரு விருந்தில், அந்த வீட்டுப் பெண்ணிடம் உன் அம்மா எங்கே என்று பேச்சு வருகிறது. இங்கிலாந்தில் இருக்கிறாள் என்று நினைக்கிறேன், சினிமாத் தொழில் பத்திரிகையில் படித்தேன் என்கிறாள் அவள். அழுகை இல்லை, கோபம் இல்லை. கேட்டவனுக்கும் அதில் வியப்பில்லை. பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது.

இந்த இடத்தை வாசகர் வட்டத்தில் சொன்ன மாலை நன்றாக நினைவிருக்கிறது. தோப்பு வைத்திருக்கும் ஒருவர், வழக்கமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து நாளிதழ் புரட்டுபவர், நாளிதழை மடித்துக் கீழே வைத்தார். "டீச்சர், என் மகன் கோயம்புத்தூரில் எந்தத் தெருவில் அறை எடுத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. வாடகை மட்டும் மாதாமாதம் போய்விடுகிறது" என்றார். பிறகு, கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சேர்த்துக்கொண்டார். அன்று கதை மேலே நகரவில்லை. பிள்ளைகளுக்கு எவ்வளவு பணம் அனுப்புகிறோம், எதற்கு என்று கேட்கிறோமா, கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயப்படுகிறோமா என்று வாசகசாலை மூடும் நேரம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று தாய்மார்களும் அதில் இருந்தார்கள். அந்த வாசலில் அதற்கு முன் எத்தனையோ போதை ஒழிப்புக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. உறுதிமொழி எடுத்திருக்கிறோம், பதாகை பிடித்திருக்கிறோம். ஒரு தகப்பன் வாய் திறந்து தன் வீட்டைப் பற்றிப் பேசியதை நான் அங்கே கண்டதில்லை.

போதையைப் புகழும் புத்தகம் என்கிறீர்கள். முழுவதும் படித்தவர் எவரும் அப்படிச் சொல்ல முடியாது. இதில் போதை ஒருவருக்கும் மகிழ்ச்சி தருவதில்லை. மூக்கில் ரத்தம் வருகிறது, தூக்கம் போகிறது, நண்பன் பேசுவது காதில் விழுந்தும் மனதில் ஏறுவதில்லை. வாக்கியங்கள் குட்டை குட்டையானவை. பெரும்பாலும் நிகழ்காலத்தில், ஒரே சுருதியில் ஓடுகின்றன. புதுச் சட்டை வாங்கியதையும் பிணத்தைப் பார்த்ததையும் க்ளே ஒரே குரலில் சொல்கிறான். அந்தக் குரல்தான் இந்த நாவலின் திகில். பக்கத்துக்குப் பக்கம் "ஐயோ, இப்படியா" என்று பதற வேண்டியவன் அவன். அவன் பதறாததால் பதற்றம் முழுவதும் நம் தலையில் இறங்குகிறது. 21 வயதுப் பையனுக்கு இந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் மலைப்புதான்.

பிணம் என்றேன். ஒரு சந்தில் ஓர் இளைஞன் இறந்து கிடக்கிறான். செய்தி கேட்டு நண்பர்கள் கும்பலாகப் போய்ப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு வேறு இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதே இரவில், அவர்களில் ஒருவனான ரிப் என்பவன் வீட்டில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி போதையூட்டப்பட்டுக் கட்டிப்போடப்பட்டிருக்கிறாள். புகார் கொடுத்தவர் நகலெடுத்தது இந்தப் பக்கங்களைத்தான். அவை கொடூரமானவை. என் கைகள் நடுங்கின. வட்டத்தில் அந்தச் சிறுமி வரும் பகுதியைச் சொல்லாமல் நிறுத்திவைத்திருந்தேன். ஆனால் நகலில் அடிக்கோடு போடாமல் விட்ட வரிகள் இருக்கின்றன. க்ளே, இது சரியில்லை என்று முனகுகிறான். வேண்டும் என்று தோன்றினால் எடுத்துக்கொள்ள உரிமை உண்டு என்கிறான் ரிப். உன்னிடம்தான் எல்லாம் இருக்கிறதே, என்ன இல்லை உனக்கு என்று க்ளே கேட்கிறான். இழப்பதற்கு எதுவும் இல்லை என்று பதில் வருகிறது. நாவலின் உயிர் அந்தப் பேச்சில் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு மேலும் கீழும் உள்ளதை மட்டும் காட்டினால் எந்தப் புத்தகத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடலாம்.

க்ளே அறையை விட்டு வெளியேறுகிறான். அந்தக் குழந்தைக்காக வேறு எதுவும் செய்யவில்லை. ஜூலியனோடு ஓட்டல் அறைக்குப் போகும்போதும் அப்படியே. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறான். நாவலாசிரியர் அவனைத் தண்டிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. உங்களுக்கு உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். தவறு செய்தவன் கடைசியில் அழிய வேண்டும், படிப்பவன் பயந்து திருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஹாலிவுட்டும் அப்படித்தான் எதிர்பார்த்தது. 1987இல் வந்த திரைப்படத்தில் க்ளே போதையைத் தொடாத நல்ல பையன், ஜூலியன் கடைசியில் சாகிறான். நாவலில் ஜூலியன் சாவதில்லை. அந்த வாழ்க்கையே தொடர்கிறது, யாரும் நிறுத்தவில்லை. எது அதிக பயம் தருகிறது என்று நீங்களே சொல்லுங்கள். சாவு வந்துவிட்டால் பார்ப்பவருக்கு அழுது முடித்துவிட்டு எழுந்துபோக ஒரு வழி கிடைத்துவிடுகிறது. நாவல் அந்த வழியைத் தருவதில்லை.

குறைகள் உண்டு. முதல் மூன்றில் ஒரு பங்கு சலிப்பூட்டும். விருந்துகள் ஒன்றுபோல் இருக்கின்றன. ட்ரெண்ட், ரிப், டேனியல், ப்ளேர் என்று பெயர்கள் வந்து குவிகின்றன, எல்லோரும் ஒரே வெயிலில் ஒரே நிறத்துக்கு வந்தவர்கள், யார் யாரென்று குழம்பும். அது வேண்டுமென்றே செய்தது என்று ஓரளவு ஒப்புக்கொள்ளலாம், முழுவதும் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. அந்த வீடுகளில் வேலை செய்கிற ஏழைகள் நாவலில் வந்து போகும் நிழல்கள் மட்டுமே. அதுவும் எனக்குக் குறையாகவே படுகிறது.

இப்போது உங்கள் இரண்டாவது காரணம். நமக்கு எதற்கு?

தமிழ்நாட்டு எல்லையில், நம் தாலுகாவைச் சுற்றி எத்தனை சோதனைச் சாவடிகள்! வாளையார், வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். கள் இறக்கும் ஊர்கள் நம்முடையவை. கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் கள் போகிறது. ஆகவே கலால் துறை நமக்குப் புதிதல்ல. ஆனால் சாவடியில் இப்போது தேடுவது வேறு. கஞ்சாவைத் தாண்டி, எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கைப் போதைப்பொருளின் பெயர் பள்ளிப் பிள்ளைகள் வாயில் வருகிறது. இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது 1985இல், இந்த நாவல் வெளிவந்த அதே ஆண்டில். கேரள அரசு விமுக்தி என்ற போதை ஒழிப்பு இயக்கத்தை 2016இல் தொடங்கியது. சட்டமும் இயக்கமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றால் வீட்டுக்குள் நுழைய முடியாது.

வசதி வேறு எங்கோ இருக்கிறது என்று பேசுவதும் இனிப் பொருந்தாது. முதலமடை மாம்பழம் மற்ற ஊர்களுக்கு முந்திப் பழுத்து வடநாட்டுச் சந்தைக்குப் போகிறது. தோப்பு, குத்தகை, நிலம் விற்ற பணம் என்று நம் கிராமங்களிலும் கேட்டதெல்லாம் கிடைத்து வளர்ந்த ஒரு தலைமுறை வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். அவர்களுக்கு எதிலும் ஈடுபாடு வரவில்லை, அதை யாரிடமும் சொல்லவும் தெரியவில்லை. நாவலைக் கடன் வாங்கிப் படித்த ஒரு கல்லூரி மாணவன், "டீச்சர், எனக்கும் இப்படித்தான் இருக்கிறது, எதைச் செய்தாலும் தூரத்தில் இருந்து பார்ப்பதுபோல்" என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னான். அதன் பிறகு அவன் அடிக்கடி வருகிறான். வேறு புத்தகங்களும் கேட்கிறான். அவனிடம் அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தது நீங்கள் பூட்டிவைத்திருக்கிற புத்தகம்.

சொல்லலாமா என்று தயங்கியது ஒன்று உண்டு. ஒரு தோட்டத்து மோட்டார் அறைக்குப் பின்னால், தேங்காய் பொறுக்கப் போன பெண்கள், நகக்கண் அகலத்துக்குச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் உறைகளைப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றிரண்டல்ல, கை நிறைய. எதற்கான உறைகள் என்று அவர்களுக்குத் தெரியும். மட்டைக் குவியலோடு போட்டு எரித்துவிட்டு வந்துவிட்டார்கள். முதலாளி வீட்டுப் பிள்ளை, நமக்கெதற்கு வம்பு என்ற பயம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், கூலி போய்விட்டால் அடுப்பெரியாது. ஆனால் விஷயம் அரசல்புரசலாகத் தெரிந்த பெரியவர்களும், என்னையும் சேர்த்து, அந்த வீட்டுப் படியேறவில்லை. சந்தில் கிடந்த பிணத்தைச் சுற்றி நின்றவர்களைப் பற்றி வட்டத்தில் சொல்லும்போது அந்தப் பெண்களில் ஒருவர் எழுந்து இதைச் சொன்னார். நாவல் நம் ஊருக்கு எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் இதைவிட நேரான பதில் இல்லை.

வாசகசாலையின் மரபைப் பற்றியும் ஒரு சொல். பி. என். பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய இயக்கத்தின் கிளைகள் நாம். அவர் நினைவுநாளான ஜூன் 19 அன்று ஆண்டுதோறும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாசித்து வளரச் சொல்கிறோம். 1989ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி கட்டட வரியோடு ரூபாய்க்கு 5 காசு நூலக வரியும் மக்கள் கட்டுகிறார்கள். தமிழ் அலமாரிக்கும் ஆங்கில அலமாரிக்கும் புத்தகம் வருவதே அபூர்வமான எல்லைக் கிராமத்தில், வந்த ஒன்றையும் படிக்காமலே பூட்டுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

சிறுவர் பிரிவில் இது இருக்கக் கூடாது. அதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் கொடுங்கள், பதிவேட்டில் தனியாகக் குறியுங்கள், முதல் பக்கத்தில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுங்கள். புகார் கொடுத்த பெற்றோரை வாசகர் வட்டத்துக்கு அழையுங்கள். தன் பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான் அவர் வந்தார், அவர்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவர் கேட்க வேண்டிய பகுதிகள் இன்னும் பல இருக்கின்றன.

வருகிற பொதுக்குழுவில் இந்த முடிவை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்கிறேன். அதற்கு முன் குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். ஆங்கிலம் சிரமம் என்பவர்களுக்கு நானே உட்கார்ந்து தமிழில் சொல்கிறேன், எந்த நாள், எந்த வீடு என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். படித்த பிறகும் பூட்டத்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பொதுக்குழுவில் எழுந்து காரணத்தைச் சொல்லட்டும், அது கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகட்டும்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியை
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்