நீல அட்டையை நம்பாதே

அன்பு மகளுக்கு,

எப்போதோ படித்துவிட்டுப் பெயர் மறந்துபோய் நீ தேடும் அந்த அறிவியல் புனைகதை நாவலைப் பற்றி எழுதியிருந்ததைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன். டெலிபோன் கம்பி வழியே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் புரோகிராம். அதை எழுதிய மாணவனைப் பிற்பாடு அதுவே தேடி வருகிறது. ஆளின் பெயர் டேவிட். கம்ப்யூட்டரை நிறுத்திவிடலாமா என்று கம்பெனியில் வாக்குவாதம். புத்தகத்துக்கு நீல அட்டை.

இவற்றில் முதல் இரண்டும்தான் உருப்படியான தடயம். விசித்திரமான காட்சி மனசில் அப்படியே தங்கும். பெயர் சீக்கிரம் இடம் மாறும். அட்டையோ, பதிப்புக்குப் பதிப்பு வேறு. அதை வைத்துத் தேடினால் பொழுதுதான் போகும்.

எதையும் தேடுவதற்கு முன் ஒரு வேலை செய். சின்னதாக, வேறு எந்தக் கதையிலும் வராத ஒரு விவரத்தை ஒரு தாளில் எழுதி மடித்து வை. தேடும்போது அதைப் பயன்படுத்தாதே, யாரிடமும் சொல்லாதே. புத்தகம் கிடைத்ததும் அந்த விவரம் உள்ளே இருக்கிறதா என்று பார். சாட்பாட்டிடம் கேட்கும்போது இது ரொம்ப அவசியம். நீ சொன்னதையே திருப்பிப் போட்டு, இல்லாத நாவலுக்குக்கூடத் தலைப்பும் ஆசிரியரும் கொடுத்துவிடும். வேண்டுமென்றே ஒரு பொய் விவரம் சேர்த்துக் கேட்டுப் பார். அதற்கும் ‘ஆமாம்’ போட்டால் மற்ற ‘ஆமாம்’களின் மதிப்பு தெரிந்துவிடும்.

அடுத்தது காலம். நீ படித்த வருஷம் மேல் எல்லை. புத்தகம் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. கீழ் எல்லைக்குக் கதையில் வரும் சாமான்களைப் பார். பஞ்ச் கார்டும் காந்த நாடாவும் என்றால் பெரும்பாலும் அறுபது, எழுபதுகள். ‘சைபர்ஸ்பேஸ்’ என்ற சொல் வந்தால் 1982-க்கு முன் போகவே வேண்டாம், எழுத்தாளர் வில்லியம் கிப்சன் அதை அச்சில் கொண்டுவந்ததே அந்த வருஷம்தான். கதை நடக்கும் வருஷத்தைப் பார்த்து மட்டும் ஏமாறாதே. எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைனின் 1966 நாவலில் நிலவில் இருக்கும் மைக் என்ற கம்ப்யூட்டரோடு 2075-இலும் டெலிபோனில்தான் பேசுகிறார்கள். சாமான்கள் காட்டிக்கொடுப்பது எழுதியவரின் காலத்தை.

நாவல் என்று நீ நினைப்பது சிறுகதையாகவும் இருக்கலாம். ஃபிரெட்ரிக் பிரவுனின் ‘ஆன்ஸர்’ (1954) ஒரு பக்கம் தாண்டாது. 9,600 கோடி கிரகங்களின் கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைத்து ‘கடவுள் உண்டா?’ என்று கேட்கிற கதை. அதை ஏதோ நாவலின் உச்சக்கட்டம் என்று நினைத்துத் தேடுகிறவர்கள் உண்டு. ஐசக் அசிமோவின் ‘தி லாஸ்ட் குவெஸ்சன்’ (1956) கதையோடு போட்டுக் குழப்புகிறவர்களும் உண்டு.

தேட இரண்டு இடம் போதும். ‘தி என்சைக்ளோபீடியா ஆஃப் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ இணையத்தில் இலவசம். அதில் ‘ஏஐ’, ‘கம்ப்யூட்டர்ஸ்’ என்ற இரண்டு கட்டுரைகளையும் முழுசாகப் படி. சந்தேகப்படும் தலைப்புகளைக் குறித்துக்கொண்டு அறிவியல் புனைகதைப் புத்தகங்களைப் பட்டியலிடும் ஐஎஸ்எஃப்டிபி (ISFDB) தரவுத்தளத்துக்குப் போ. ஒவ்வொரு பதிப்பின் வருஷம், பக்க எண்ணிக்கை, பல சமயம் அட்டைப்படமும் அங்கே இருக்கும். மேற்கோள் குறி போட்டுத் தேடுவதானால் கதைக்காகவே உண்டாக்கிய சொல்லுக்கு மட்டும் போடு. நினைவிலிருந்து எழுதும் வாக்கியம் மூலத்தில் அதே வார்த்தைகளில் இருக்காது, பூஜ்யம்தான் வரும். கம்ப்யூட்டரின் பெயரைக் காதில் விழுந்தபடி மட்டும் தேடாதே. பாதிப் பெயர்கள் முதலெழுத்துகளைக் கோத்தவை. எழுத்துக்கூட்டலை நாலு விதமாக மாற்றிப் பார்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். தாவும் புரோகிராமும் மாணவனும் தாமஸ் ஜே. ரயனின் ‘தி அடோலசென்ஸ் ஆஃப் பி-1’ (1977) நாவலைக் காட்டுகின்றன. ஆனால் அந்த மாணவன் கிரிகரி பர்ஜஸ், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படிப்பவன். டேவிட் வருவது டேவிட் ஜெரால்டின் ‘வென் ஹார்லி வாஸ் ஒன்’ நாவலில். மனநல நிபுணர் டேவிட் ஆபர்சன். கம்ப்யூட்டரை நிறுத்தப் பார்க்கும் கம்பெனியும் அங்கேதான். இரண்டு புத்தகம் உன் தலைக்குள் ஒன்றாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே புத்தகம் என்று பிடிவாதமாகத் தேடியிருந்தால் இரண்டையுமே ‘இது இல்லை’ என்று தள்ளியிருப்பாய்.

ஹார்லியில் இன்னொரு சிக்கல்: 1972-இல் வந்ததை ஆசிரியரே திருத்தி 1988-இல் மறுபடி வெளியிட்டார். டீன் கூன்ட்ஸும் ‘டீமன் சீட்’ நாவலை (1973) 1997-இல் புதிதாக எழுதினார். ஆகவே நினைவிலுள்ள காட்சி இல்லையென்றால், புத்தகத்தைத் தள்ளுமுன் பதிப்பு வருஷத்தைப் பார். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஸ்கேன் செய்த பிரதி இருந்தால், முழுதாக இரவல் தராவிட்டாலும் உள்ளே சொல் தேட விடுவது வழக்கம். ‘பர்ஜஸ்’, ‘ஆபர்சன்’ இரண்டையும் ஆங்கிலத்தில் போட்டுப் பார்.

பி-1-ஐ முதலில் எடு. மடித்து வைத்த தாளில் இருப்பது அதில் உண்டா இல்லையா என்று மட்டும் எழுது. அட்டை என்ன நிறம் என்று எழுத வேண்டாம்.

அன்புடன்,
அப்பா