எங்கள் கடையில் கிடைக்காததைக் கட்டிக்கொண்டு வாருங்கள்

தனுஷ்கோடிக்குச் சைக்கிளில் வரும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு, உச்சிப்புளிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவன் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

ஞாயிறு விடியலில் நீங்கள் என் கடையைக் கடக்கும்போது ஷட்டர் மூடியிருக்கும். நான் எதிர்த் திண்ணையில் தேநீரோடு உட்கார்ந்திருப்பேன். பத்துப் பேர், இருபது பேர் என்று வரிசையாகப் போவீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கடைசியில் ஒருவர் மட்டும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். பின்சக்கரம் தரையில் சப்பென்று ஒட்டியிருக்கும். என் வேலை அவரோடுதான் தொடங்குகிறது. இந்த மடலையும் அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

கடந்த மாசியில் 14 பேர் கொண்ட ஒரு குழு என் திண்ணையில் மூன்று மணி நேரம் முடங்கிக் கிடந்தது. பைகளில் இருப்பதையெல்லாம் சாக்கு விரித்துக் கொட்டச் சொன்னேன். அல்லன் கீ, அதாவது ஆறு மூலை ஆணிகளைத் திருகும் சாவி, அந்தக் கொத்துகள் 11 விழுந்தன. டியூப் வைத்திருந்தவர்கள் ஏழு பேர்; அதில் மூன்று டியூப் பஞ்சரான சக்கரத்துக்குப் பொருந்தாத அளவு. டயரில் காற்றுக்குப் பதிலாக அடைக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் நான்கு கொண்டு வந்து, பரமக்குடி தாண்டுவதற்குள் நான்கையும் தீர்த்திருந்தார்கள். கைப்பம்பு ஒன்றே ஒன்று. அதன் வாசர் காய்ந்து சுருங்கி, காற்று முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்னால் வந்தது. செயின் கட்டர் ஒருவரிடமும் இல்லை. செல்பேசிக்கு ஊட்டும் பவர் பேங்க் மட்டும் ஆளுக்கொன்று தவறாமல் இருந்தது.

அன்று எனக்குப் புரிந்தது இது: சாமான் குறைவு என்பது இவர்களுடைய குறை இல்லை. 11 பேர் ஒரே சாமானைச் சுமந்து, 14 பேருக்கும் தேவையான ஒன்றை ஒருவரும் சுமக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் பார்த்திருக்கிறேன். தனியாக வந்தவர். மடித்த டயர், மூன்று டியூப், காலால் மிதிக்கும் பம்பு, ஸ்பேனர் செட், குறடு, சுத்தியல்கூட இருந்தது. சைக்கிள் சுமை வண்டியாகி, பின்சக்கரத்தில் ஒரு போக்ஸ் கம்பி தெறித்துத்தான் என்னிடம் வந்தார். அத்தனை இரும்பிலும் போக்ஸ் கம்பியை முறுக்கும் சாவி இல்லை. அந்தச் சுத்தியல் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எவ்வளவு எடுத்துக்கொண்டு போவது என்று கேட்டால், எத்தனை கி.மீ. என்று உங்கள் ஆட்கள் திருப்பிக் கேட்கிறார்கள். மதுரையிலிருந்து இராமேசுவரம் சுமார் 170 கி.மீ. திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, சத்திரக்குடி, இராமநாதபுரம் என்று வழிநெடுக ஊர்கள். ஊருக்கு ஊர் பஞ்சர் கடைகள். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை சுமார் 20 கி.மீ.தான். ஆனால் அந்தச் சின்னத் துண்டில்தான் சைக்கிள் தெரிந்த கை ஒன்றும் கிடையாது. சங்கு மாலை கிடைக்கும், பொரித்த மீன் கிடைக்கும், 15 எண் ஸ்பேனர் கிடைக்காது. தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகுதான் உங்கள் மெல்லிய டயர்கள் அங்கே போகின்றன. அதற்கு முன் மணலில் ஜீப்புகள்தான். ஆகவே தூரத்தைப் பார்க்காதீர்கள். அந்த இடத்தில், அந்த நேரத்தில் என்ன கிடைக்காது என்று பாருங்கள். நீங்கள் வருவதோ ஞாயிறு விடியல். நாங்கள் கடை திறப்பது ஒன்பது மணிக்கு.

எங்களிடம் என்ன கிடைக்காது? முதலில் டியூப். இந்தப் பக்கக் கடைகள் உயிர் வாழ்வது பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவச சைக்கிள்களாலும், மீன் கூடை கட்டும் பழைய பெரிய சைக்கிள்களாலும்தான். பெரிய சைக்கிளின் டயர் 28 x 1½. டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் அதில் 635 மி.மீ. உங்கள் மெல்லிய டயர் சைக்கிள்களில் வரும் 700சி என்ற அளவுச் சக்கரத்தில் அது 622 மி.மீ. 13 மி.மீ. வித்தியாசம்தானே, டியூப் ரப்பர்தானே, இழுத்தால் வராதா என்பார்கள். அகலமான டியூப்பைக் குறுகிய டயருக்குள் திணித்தால் மடிந்து, மடிந்த இடத்தில் கடிபட்டுப் போகும். அதற்கும் முன்னால் வால்வே உள்ளே நுழையாது. எங்கள் டியூப்பின் வால்வுத் தண்டு 8 மி.மீ. தடிமன். மெல்லிய மூக்கு வால்வுக்காக, அதாவது பிரெஸ்டாவுக்காக, உங்கள் ரிம்மில் போட்டிருக்கும் துளை ஆறு மி.மீ. சொச்சம். துளையை டிரில் போட்டுப் பெரிதாக்கித் தாருங்கள் என்று ஒரு தம்பி கெஞ்சினார். அத்தனை குறுகிய ரிம்மில் நான் துளை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம்தான்.

அதனால் ஒவ்வொருவரும் தம் சக்கரத்துக்கும் தம் வால்வுக்கும் பொருந்திய டியூப் இரண்டு கொண்டு வரட்டும். வேறு சாலையில் ஒன்று போதும் என்று நானே சொல்வேன். இங்கே இரண்டு கேட்பதற்குக் காரணம் முள். சீமைக் கருவேலம் இல்லாத இடம் இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? கரிமூட்டத்துக்கு வெட்டி, டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போகும்போது சாலையோரமெங்கும் உதிர்கிறது. கடற்கரைப் பக்கம் போனால் உடைமரத்தின் வெள்ளை முள். மணலில் நெருஞ்சி, எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய வண்டிகளுக்குப் பயந்து நீங்கள் ஒதுங்குவதும் அதே ஓரம்தான். படம் எடுக்க, சிறுநீர் கழிக்க என்று தாரை விட்டு இறங்குபவர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டே இறங்குகிறார்கள். இந்த ஊரில் சின்னப் பிள்ளைகூட அப்படிச் செய்யாது. தாரை விட்டு இறங்கினால் சைக்கிளைத் தூக்குங்கள். எட்டு, பத்துக் கிலோ சைக்கிளுக்காகத்தானே அவ்வளவு பணம் கொடுத்தீர்கள்?

கருவேல முள்ளின் கெட்ட குணம் ஒன்று உண்டு. குத்தியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஒடிந்துவிடும். முனை டயருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. புது டியூப் போட்டுக் காற்றடித்துக் கிளம்புவீர்கள், இரண்டு கி.மீ.யில் மீண்டும் உருட்டுவீர்கள். மாசியில் அந்த 14 பேருக்கு நடந்ததும் இதுதான். பொருந்திய டியூப்களில் மூன்றைத் தின்றது ஒரே முள்முனை, ஒரு எள் அளவுகூட இருக்காது. டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டுப் புது டியூப்பைப் போடுங்கள். எங்கே தேடுவது என்பதற்கும் வழி இருக்கிறது. டயரை மாட்டும்போதே அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டிவிடுங்கள். டியூப்பில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் என்று பார்த்தால், டயரிலும் பெயரிலிருந்து அத்தனை சாணில் முள் இருக்கும். முள்ளைப் பிடுங்கப் புருவம் பிடுங்கும் சின்னச் சாமணம் போதும். எங்கள் கடையில் இருப்பதிலேயே அதிகம் உழைக்கும் கருவி அதுதான்.

டியூப்லெஸ்காரர்களுக்கு ஒரு சொல். உள்ளே ஊற்றிய திரவம் சின்ன முள் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும், உண்மை. ஆனால் இந்த வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால் உள்ளே சத்தம் வர வேண்டும். டயர் கிழிந்தால் கடைசியில் டியூப்தான் போட வேண்டும். அப்போது பாருங்கள், திரவம் அடைத்து வைத்திருந்த பழைய முள்கள் எல்லாம் டயரின் உட்புறத்தில் சீப்புப் பற்களைப் போல நிற்கும். ஒருமுறை ஒரே டயரிலிருந்து 17 முள் எடுத்தேன். எடுக்காமல் டியூப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. குப்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிமிடத்தில் டயர் கல்லாகிவிடும். ஆனால் ஒரு குப்பிக்கு ஒரே வாய்ப்பு. வால்வில் சரியாகப் பொருந்தாமல் புஸ்ஸென்று போய்விட்டால் போனதுதான். அந்த வாயு ரப்பரில் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும். மறுநாள் காலை டயர் தொய்ந்திருப்பதைப் பார்த்துப் பஞ்சர் என்று பதறி என்னிடம் வருகிறார்கள். குழுவுக்கு இரண்டு கைப்பம்பாவது இருக்கட்டும், கிளம்பும் முன் அடித்துப் பார்த்த பம்பாக. கூடவே ஆளுக்கொரு பித்தளைக் குமிழ். பிரெஸ்டா வால்வின் மேல் திருகினால் அது பைக் வால்வைப் போல ஆகிவிடும்; பெட்ரோல் பங்க், லாரி பஞ்சர் கடை எங்கே வேண்டுமானாலும் காற்றடிக்கலாம். சுண்டு விரல் நகம் அளவுதான். நீங்கள் சுமக்கும் சாமான்களில் எடைக்கு எடை அதிகப் பலன் தருவது அதுதான் என்பது என் தீர்ப்பு.

செயின் கட்டர் குழுவுக்கு ஒன்று போதும். அறுந்த செயினை இணைக்கும் செயின் லாக் மட்டும் கியர் எண்ணிக்கைக்குத் தக்கபடி வேண்டும். ஒன்பது கியர் செயினின் லாக் 11 கியர் செயினில் நிற்காது. குழுவில் யார் யாருக்கு எத்தனை கியர் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கக் கியர் மாற்றியைப் பிரேமோடு பிடித்திருக்கும் அலுமினியத் துண்டு இருக்கிறதே, ஹேங்கர், அது சைக்கிளுக்குச் சைக்கிள் வேறு. பிரேம் உடையாமல் இருக்கத் தான் வளைய வேண்டும் என்றே செய்த துண்டு அது. அதை இங்கே எந்தப் பட்டறையிலும் வாங்க முடியாது. அவரவர் சைக்கிளுக்கு உரியதை அவரவர் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் கியர் மாற்றியைக் கழற்றிவிட்டு, செயினை வெட்டிக் குறைத்து, ஒற்றைக் கியரில் மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். அதற்கும் செயின் கட்டர் வேண்டும்.

டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரிலிருந்து வெட்டிய இரண்டு அங்குலத் துண்டு போதும். பால் பாக்கெட் வைத்தும் சமாளிக்கலாம். பத்து ரூபாய்த் தாளை மடித்து வைத்து வந்த ஒருவரிடம், எனக்குத் தர வேண்டியதை டயருக்குக் கொடுத்துவிட்டீர்களே என்று கேட்டேன்.

இனி, எதைச் சுமக்க வேண்டாம். ஸ்பேனர் செட், சுத்தியல், குறடு, சக்கரத்தின் கோட்டம் எடுக்கும் சாமான்கள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. நட்டு போட்ட சக்கரம் வைத்திருப்பவர் மட்டும் 15 எண் ஸ்பேனரை எடுத்துக்கொள்ளட்டும். ஒட்டுப் போடும் பெட்டி குழுவுக்கு ஒன்று போதும். அந்தச் சொல்யூஷன் டியூப்பைத் திறந்து பாருங்கள். ஒருமுறை திறந்து மூடிய டியூப் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். ஒன்றரை வருடமாகப் பைக்குள் மடிந்து கிடந்த புது டியூப் மடிப்பில் தேய்ந்து ஓட்டையாகி வந்ததும் உண்டு. கீழக்கரைப் பக்கமிருந்து தனியாக வந்த கல்லூரி மாணவி ஒருத்தி எல்லாவற்றையும் பழைய காலுறைக்குள் சுற்றி வைத்திருந்தாள். டியூப் தேயவில்லை, இரும்பு கடகடக்கவில்லை, வேலை முடிந்ததும் காலுறையிலேயே கையைத் துடைத்துக்கொண்டாள். என் கடை வாசலில், நான் கை வைக்காமல், தானே டியூப் மாற்றிவிட்டுப் போனாள். தண்ணீர் மட்டும் கேட்டாள். இந்த உப்புக் காற்றில் கருவிகள் துருவேறும். எண்ணெய்த் துணி ஒன்றையும் சேர்த்துச் சுற்றுங்கள்.

பொறுப்பாளர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். குழுவின் பொதுச் சாமான் பையை முன்னால் போகும் பலசாலியிடம் கொடுக்காதீர்கள். அவர் பாம்பன் பாலத்தில் நின்று ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, பஞ்சரான ஆள் இங்கே உச்சிப்புளியில் நிற்கிறார். பை கடைசியாக வருபவரிடம் இருக்க வேண்டும். அவரும் உண்மையிலேயே கடைசியாக வர வேண்டும். பாலத்தைப் பற்றி இன்னொன்று: இரண்டு கி.மீ.க்கு மேல் நீளம், குறுக்கே காற்று, ஒதுங்க இடம் குறைவு. அங்கே உட்கார்ந்து ஒட்டுப் போட முடியாது, ஒட்டின் காகிதம் கடலுக்குப் போய்விடும். மண்டபத்திலேயே எல்லாருடைய டயரையும் அமுக்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஏறிய பிறகு காற்று இறங்கினால் உருட்டிக்கொண்டு அக்கரை சேருங்கள். ஓட்டினால் ரிம் போய்விடும்.

இரண்டாவது, பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரும் பின்சக்கரத்தைக் கழற்றி, டியூப்பை மாற்றி, மீண்டும் மாட்டுவதை உங்கள் கண் முன் செய்து காட்டிய பிறகு அழைத்து வாருங்கள். கஷ்டமாக இருக்கும், சிலர் முகம் சுளிப்பார்கள். மாசியில் வந்த 14 பேரில் நான்கு பேர் டயரை நெம்பிக் கழற்றும் லீவரை அதற்குள் எந்தப் பக்கம் நுழைப்பது என்று என்னைக் கேட்டார்கள். லீவர் அவர்களுடையது, உறைகூடப் பிரிக்கவில்லை.

என் பக்கத்திலிருந்தும் ஒன்று செய்கிறேன். 700சி, 27.5, 29 என்று உங்கள் குழுக்களில் எந்த அளவு அதிகம், எந்த வால்வு அதிகம் என்று எழுதிக் கொடுங்கள். மதுரையில் சொல்லி இரண்டு டஜன் டியூப் வரவழைத்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாக முன்கூட்டிச் சொன்னால் ஐந்து மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுகிறேன். எப்படியும் எதிர்த் திண்ணையில்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

மாசியில் வந்தவர்களில் யாரோ ஒருவருடைய அல்லன் கீ கொத்து, சிவப்புப் பிடி போட்டது, என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 11 பேரில் யாருடையது என்று தெரியவில்லை. அடுத்த முறை வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.