பண்ணை வீட்டின் வரலாறு பத்திரத்தோடு முடிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் வடகரையில், வெருலம், டோங்காட் வட்டாரங்களில், நம் முன்னோர் பலகையும் தகரமும் கொண்டு எழுப்பிய பழைய பண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அவற்றின் வரலாற்றைத் தேட முன்வரும் இளைஞர்களைக் காணும்போது மனம் மகிழ்கிறது. ஆனால் அவர்களில் பலர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலப் பத்திரப் பதிவகத்தோடு நின்றுவிடுகிறார்கள். பத்திரத்தில் பெயர் உள்ளவர் மட்டுமே வீட்டுக்குரியவர் என்று கொண்டால், அங்கே உழுது வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை கணக்கிலேயே வாராமல் போகும்.

பத்திரங்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்திய பத்திரத்தின் எண்ணைச் சுட்டுவதால், இன்றைய உரிமையாளரிலிருந்து பின்னோக்கிச் சென்று, காலனி அரசு அந்நிலத்தை முதன்முதலில் வழங்கிய ஆவணம் வரை எட்டிவிடலாம். எனினும் பத்திரம் நிலத்தைப் பற்றியது. அதன் மேல் நிற்கும் வீட்டை யார் கட்டினார் என்பதை அது சொல்லாது. 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை இந்தியாவிலிருந்து 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர் இங்கு வந்தனர். ஒப்பந்தம் முடித்தவர்கள், ஊர் திரும்பும் கப்பல் கட்டணத்துக்கு ஈடாக அரசு நிலம் பெறலாம் என்று 1870ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தும், பெற்றவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, காய்கறியும் சோளமும் புகையிலையும் வாழையும் பயிரிட்டார்கள். குறுகிய காலக் குத்தகைகள் பெரும்பாலும் பதிவாவதில்லை என்பதால், குத்தகைக்காரர் கட்டிய வீட்டுக்கும் நிலத்துக்காரர் பெயரே பதிவில் நிற்கும்.

ஆகவே பத்திரத்துக்கு அடுத்தபடியாக இறந்தோரின் சொத்துக் கோப்புகளைத் தேட வேண்டும். அவற்றிலுள்ள மரண அறிவிப்பில் இறந்தவரின் பெற்றோர், பிறந்த இடம், துணைவர், மக்கள், விட்டுச்சென்ற உடைமைகள் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். பல ஆவணங்களில், வந்த ஒவ்வொரு தொழிலாளருக்கும் தரப்பட்ட ஒப்பந்த எண்ணும் இருக்கும், அதுவே திறவுகோல். அந்த எண்ணோடு கப்பல் பதிவேட்டுக்குச் சென்றால், வந்தவரின் தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உடல் அடையாளம் வரை கிடைக்கும். எண்ணை விட்டுப் பெயரை மட்டும் நம்பித் தேடுவது வீண் அலைச்சல். முனுசாமி மூன்சாமியாகவும், கவுண்டர் கோவெண்டராகவும் எழுதப்பட்ட நாட்டில், தந்தையின் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயராகவும் பதிவானதால், ஒரே வீட்டார் வெவ்வேறு குடும்பத்தார் போலத் தோற்றமளிப்பார்கள்.

பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்களை ஏற்க இயலாது என்று 1913இல் கேப் நீதிமன்றம் தீர்ப்பளித்த நாடு இது. 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகே நிலைமை ஓரளவு மாறியது. பண்ணையின் பாதி உழைப்பைத் தந்த மனைவியின் பெயர் சொத்து ஆவணங்களில் காணப்படாவிட்டால், பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

பத்திரத்தில் 1950க்குப் பின் அரசு வாரியம் ஒன்றின் பெயர் வந்தால், அதை மனமொப்பிய விற்பனையாக எழுதிவிடக் கூடாது. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ், டர்பனின் கேட்டோ மேனர் பகுதி 1958இல் வெள்ளையருக்கென அறிவிக்கப்பட்டு, அங்கிருந்த இந்தியக் குடும்பங்கள் சாட்ஸ்வொர்த் முதலிய இடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. இவ்வாறு நிலம் இழந்தவர்களுக்கான 1994ஆம் ஆண்டு நில மீட்புச் சட்டப்படி, 1998 டிசம்பர் 31க்குள் தரப்பட்ட கோரிக்கைகளின் கோப்புகளில் இத்தகைய குடும்பங்களின் வாக்குமூலங்கள் உள்ளன. குத்தகைக்காரர்களும் கோரிக்கை வைத்தார்கள் என்பதால், பத்திரம் சொல்லாததை இவை சொல்லக்கூடும்.

இவையெல்லாம் ஆங்கில ஆவணங்கள். பொறுமை இருந்தால் இளைஞர்களே படித்துக்கொள்வார்கள். ஆனால் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் கணக்கேடுகள், மொய்ப் பட்டியல்கள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், ஜாதகக் குறிப்புகள் தமிழில் இருக்கின்றன; பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் அவை குப்பைக்குப் போகின்றன. இந்த இழப்பைத் தடுக்கத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களால்தான் முடியும் என்பதாலேயே தங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதியின்றி இடிக்கலாகாது என்று 1999ஆம் ஆண்டு மரபுவளச் சட்டம் சொல்கிறது. அத்தகைய அனுமதி கோரப்படும்போதெல்லாம், அந்தந்த ஊர்த் தமிழ்ச் சங்கம் வீட்டைப் படமெடுத்து, குடும்பத்தாரிடமுள்ள தமிழ்த் தாள்களைப் படித்துப் படியெடுத்து, ஒப்பந்த எண்களோடு சேர்த்து ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். வடகரைச் சங்கங்கள் இப்பணியை இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெருலம், தென்னாப்பிரிக்கா